வானொலி பட்ட கடன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பற்றியோ, நம் இசை மரபைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, அமெரிக்க நாட்டில் 1950-ஆம் ஆண்டையொட்டி உருவாகி உலகமெங்கும் பரவிய ‘ராக் அண்ட் ரோல்’ என்னும் இசையையும், அவ்விசையின் முன்னோடிகளைப் போற்றி வானொலி நிலையங்கள் நடத்தி வந்துள்ள நிகழ்ச்சிகளையும் பற்றியது. “கூச்சலும் குதிப்பும் நிறைந்த அந்தப் பாட்டுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று பெரியவர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, அந்த இசை, பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுச் சென்ற மக்களோடு வளர்ந்த இசை. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பருத்தி வயல்களில் பாடிய பாட்டையும், கோவிலில் பாடிய துதியையும் அவர்கள் தம்மோடு எடுத்துச் சென்றார்கள். ஊரை விட்டு வந்த இடத்தில் ஊரின் குரல் கேட்டால் நெஞ்சம் எப்படி நெகிழும் என்பதை இந்தக் காலனியில் வாழும் நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது விடை, இது நன்றியைப் பற்றிய செய்தி. செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்துத் தந்த வள்ளுவர் பிறந்த மொழியைப் பேசும் நாம், ஒரு கலைஞனின் குரலை நாடெல்லாம் கேட்டு மகிழ்ந்த பின்னர் அவனுக்கு என்ன கைம்மாறு செய்தார்கள் என்று கேட்பதற்கு உரிமை உடையவர்கள். வானொலி அந்தக் கலைஞர்களை உலகுக்கு அறிமுகம் செய்தது. அதே வானொலி அவர்களுக்குக் கடன்பட்டும் நின்றது. பிற்காலத்தில் எழுந்த பாராட்டு நிகழ்ச்சிகளை அந்தக் கடனில் ஒரு தவணையாகவே நான் கருதுகிறேன். அது எப்படி என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அன்பர்களே! அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொலைக்காட்சி பரவத் தொடங்கியது. அதுவரை வானொலியில் வந்துகொண்டிருந்த நாடகங்களும் வேடிக்கை நிகழ்ச்சிகளும் தொலைக்காட்சிக்குச் சென்றுவிட்டன. விளம்பரக்காரர்களும் உடன் சென்றார்கள். ‘இனி வானொலி பிழைக்காது’ என்று பலர் எண்ணினார்கள். அந்நிலையில் உள்ளூர் நிலையங்கள் செலவு குறைந்த ஒரு வழியைக் கைக்கொண்டன. ஒரு மனிதர், ஓர் ஒலிவாங்கி, ஓர் அடுக்கு இசைத்தட்டு, இவை போதும் என்று துணிந்தன. பெரிய நிறுவனங்கள் ஏறிட்டும் பாராத கேட்போரை அவை தேடிப் போயின.

அப்படிப்பட்ட நிலையங்களில் ஒன்று, டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரிலிருந்த டபிள்யூ.டி.ஐ.ஏ. 1947-இல் தொடங்கிய அந்நிலையம் நஷ்டத்தில் தள்ளாடியது. அதன் உரிமையாளர்கள் வெள்ளையர்கள். 1948-இல் அவர்கள் நாட் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினப் பள்ளி ஆசிரியரை அறிவிப்பாளராக அமர்த்தினார்கள். பேருந்தில் தனி இருக்கை, உணவு விடுதியில் தனி வாயில், குடிநீர்க் குழாயும் தனி என்றிருந்த ஊர் அது. ஆயினும் நிலையத்துக்கு நல்ல வரவேற்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டுக்குள் நிகழ்ச்சிகள் முழுவதும் கறுப்பின மக்களுக்கென்றே அமைக்கப்பட்டன. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பி. பி. கிங் அந்நிலையத்தில்தான் பாடகராகவும் அறிவிப்பாளராகவும் தம் பெயரை நிலைநாட்டினார். 1954-இல் அதன் ஆற்றல் 50,000 வாட்டாக உயர்ந்தது.

வானொலி அலைகளின் இயல்பு ஒன்றையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மத்திய அலைகள் பகலில் நிலத்தை ஒட்டியே செல்லும், நெடுந்தூரம் போகா. இரவிலோ, வானத்தின் மேலடுக்காகிய அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல நூறு மைல்களுக்கு அப்பாலும் வந்து இறங்கும். நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எல்.ஏ.சி. நிலையம் 50,000 வாட் ஆற்றலோடு இரவில் ஒலிபரப்பிய கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளைத் தென் மாநிலங்களைக் கடந்தும் பலர் கேட்டார்கள். தெருவில் இனத்துக்கு இனம் வேலி போட முடிந்தது; வானத்தில் வேலி போட எவராலும் முடியவில்லை. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் தம் அறையில் விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டார்கள். 1954-ஆம் ஆண்டின் இறுதியில் ‘ரீஜென்சி’ என்னும் டிரான்சிஸ்டர் வானொலி 49 டாலர் 95 சென்ட் விலைக்குக் கடைக்கு வந்தது. கூடத்தில் வீற்றிருந்த வானொலி, சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது. எந்தப் பாட்டைக் கேட்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் தந்தையிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் மாறியது.

ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லந்து நகரில் ஆலன் ஃபிரீட் என்றோர் அறிவிப்பாளர் இருந்தார். தம் கடையில் இளைஞர்கள் எத்தகைய இசைத்தட்டுகளை விரும்பி வாங்குகிறார்கள் என்பதை இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் அவருக்குக் காட்டினார். 1951-இல் ஃபிரீட் இரவு நேரத்தில் அத்தட்டுகளை ஒலிபரப்பத் தொடங்கினார். ‘ராக் அண்ட் ரோல்’ என்னும் சொற்றொடர் அவர் உண்டாக்கியதன்று. பழைய பாடல்களில் வழங்கியதே. ஆனால் அதை இந்த இசையின் பெயராக ஊரறியச் செய்தவர் அவர். 1952 மார்ச் 21-ஆம் நாள் அவர் ஏற்பாடு செய்த இசை நிகழ்ச்சிக்கு, சுமார் பத்தாயிரம் பேர் கொள்ளும் மண்டபத்தில், அதைவிட மிகுந்த கூட்டம் வந்து முட்டி மோதியது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதிகாரிகள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். வானொலியின் மறுபுறம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் புலப்பட்டது.

மெம்பிஸ் நகரத்துக்கு மீண்டும் வருவோம். 1954 ஜூலை மாதம், சாம் ஃபிலிப்ஸ் என்பவரின் சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் 19 வயது வாலிபர் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். சில நாட்களில் டூவி ஃபிலிப்ஸ் என்னும் அறிவிப்பாளர் அதை வானொலியில் ஒலிபரப்பினார். தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. அதே பாட்டை மீண்டும் மீண்டும் போட்டார். கூச்சம் தாளாமல் சினிமாக் கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்த எல்விஸைப் பெற்றோர் தேடிப் பிடித்து நிலையத்துக்கு அனுப்பி வைத்தார்கள். “எந்தப் பள்ளியில் படித்தாய்?” என்று அறிவிப்பாளர் கேட்டார். அது படிப்பைப் பற்றிய கேள்வியன்று. பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்திருந்த ஊரில், பள்ளியின் பெயரைக் கேட்டவுடன் பாடியவர் வெள்ளையர் என்பதைக் கேட்போர் அறிந்துகொள்வர். குரலை வைத்து இனத்தைச் சொல்ல முடியாமற்போனதனால் எழுந்த கேள்வி அது!

அந்த இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருந்தது, ஆர்தர் கிரடப் என்னும் கறுப்பினப் பாடகர் 1946-இல் பாடிப் பதிவு செய்த பாட்டு. மறு பக்கத்தில், பில் மன்றோ என்னும் வெள்ளையர் இயற்றிய கிராமிய மெட்டு. ஊரார் பிரித்து வைத்திருந்த இரண்டு மரபுகளை ஒரே தட்டு சேர்த்துச் சுமந்தது. எல்விஸ் சில ஆண்டுகளில் உலகப் புகழின் உச்சிக்குச் சென்றார். கிரடப்போ கூலி வேலையும் செய்து பிழைத்தார். தம் பாட்டுகளுக்கு உரிய பணத்தைப் பெறப் பல ஆண்டுகள் போராடி, அதை முறைப்படி அடையாமலேயே 1974-இல் காலமானார்.

இங்கேதான் நான் ‘கடன்’ என்று சொன்ன செய்தி தொடங்குகிறது. ஒரு பாட்டு வானொலியில் ஒலிக்கும்போது பணம் யாருக்குப் போகிறது? அமெரிக்க முறையில், பாட்டை இயற்றியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் ராயல்டி என்னும் உரிமைத்தொகை போகும். அதைத் திரட்டித் தருவதற்காக 1914-இல் ஆஸ்காப் என்னும் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தோடு கட்டணத் தகராறு மூண்டபோது, வானொலி நிலையத்தார் 1939-இல் பி.எம்.ஐ. என்று தாமே ஒரு போட்டிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பழைய சங்கம் பெரிதும் புறக்கணித்திருந்த கிராமியப் பாடகர்களுக்கும் கறுப்பினப் பாடலாசிரியர்களுக்கும் அதனால் கதவு திறந்தது. தகராறிலும் ஒரு நன்மை விளைந்தது. ஆனால் இந்த நன்மையைப் பெற, இசைத்தட்டின் மேல் ஒட்டிய வட்டத் தாளில் ‘இயற்றியவர்’ என்ற இடத்தில் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். பெயர் இருந்தால் சோறு உண்டு. பெயர் இல்லையேல் கைதட்டல் மட்டுமே உண்டு.

மூன்று எடுத்துக்காட்டுகள் கூறுகிறேன். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஃபாட்ஸ் டாமினோ 1955-இல் தம் தோழர் டேவ் பார்த்தலமியூவுடன் இயற்றிப் பாடிய ஒரு பாட்டை, பேட் பூன் என்னும் வெள்ளையப் பாடகரும் அதே ஆண்டில் பாடினார். டாமினோவின் தட்டு பொது விற்பனைப் பட்டியலில் பத்தாம் இடத்தை எட்டியது. பூனின் தட்டு முதலிடத்துக்கே சென்றது. அநீதிதான். எனினும் இயற்றியவர்களின் பெயர் தட்டில் இருந்தமையால், மற்றவர் பாடியதற்கும் டாமினோவுக்குரிய பங்கு வந்தது.

அடுத்தது, சக் பெர்ரியின் கதை. செயின்ட் லூயி நகரத்துக்காரரான அவர் 1955-இல் சிக்காகோவில் ‘மேபலின்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அக்காலத்தில் நியூயார்க் வானொலிக்குச் சென்றிருந்த ஆலன் ஃபிரீட் அதை ஓயாது ஒலிபரப்பிப் புகழடையச் செய்தார். தட்டு வெளிவந்தபோது, இயற்றியவர் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்று பெர்ரி, மற்றொன்று ஆலன் ஃபிரீட், மூன்றாமவர் இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு வேண்டிய ஒருவர். பாட்டில் ஒரு சொல்லையேனும் எழுதாத இருவர் பங்குக்கு வந்துவிட்டார்கள்! அது தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்று பெர்ரி கூறினார். அந்தப் பாட்டின் முழு உரிமையும் அவர் கைக்கு மீண்டது 1986-இல். இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள்.

மூன்றாவது, ஒரு பெண்மணியின் கதை. வில்லி மே தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகி, ‘பிக் மாமா’ என்று மக்கள் அழைத்தவர், ‘ஹவுண்ட் டாக்’ என்ற பாட்டை 1952-இல் பதிவு செய்தார். மறு ஆண்டு அது வெளிவந்து பல வாரங்கள் கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 1956-இல் எல்விஸ் அதே பாட்டைப் பாடப் பல லட்சம் தட்டுகள் விற்றன. பாட்டை எழுதியவர்கள் வேறு இருவராதலால் இயற்றியவருக்கான பணம் தார்ன்டனுக்கு இல்லை. பாடியவருக்கென்று வானொலி எதையும் தரக் கடமைப்பட்டிருக்கவும் இல்லை. தமக்குக் கிடைத்தது 500 டாலருக்கு ஒரே ஒரு காசோலை என்று அவரே கூறியதுண்டு. 1984-இல் அவர் மறைந்தார். ராக் அண்ட் ரோல் பெருமக்களின் நினைவு மன்றம் அவர் பெயரைத் தன் வரிசையில் சேர்த்தது 2024-ஆம் ஆண்டில்.

சகோதரி ரொசெட்டா தார்ப்பையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மின் கிதாரை ஏந்தித் தெய்வத் துதிகளைப் பாடிய அந்த அம்மையாரிடமிருந்து எல்விஸ், லிட்டில் ரிச்சர்ட் முதலியோர் பலவற்றைக் கற்றார்கள். அவர் 1973-இல் பிலடெல்பியாவில் காலமானார். பல ஆண்டுகள் அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. நினைவு மன்றத்தில் இடம் கிடைத்தது 2018-இல்.

1950-களின் இறுதியில் அந்த இசையின் முதற்காலம் சட்டென்று இருண்டது. 1957-இல் லிட்டில் ரிச்சர்ட் மேடையைத் துறந்து சமயப் பணிக்குச் சென்றார். 1958-இல் எல்விஸ் இராணுவச் சேவைக்குப் போனார். 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் நேர்ந்த விமான விபத்தில் 22 வயதுப் பட்டி ஹாலியும், 17 வயது ரிச்சி வாலன்ஸும், டெக்சஸ் மாநிலத்து வானொலி அறிவிப்பாளராக இருந்து பாடகரான ஜே. பி. ரிச்சர்ட்சனும் மாண்டனர். பணம் வாங்கிக்கொண்டு இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார்கள் என்று அறிவிப்பாளர்கள் மீது விசாரணையும் எழுந்தது. ஆலன் ஃபிரீட் 1962-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினார். வேலையும் செல்வாக்கும் இழந்து 1965-இல் தம் 43-ஆம் வயதில் மறைந்தார். இருட்டில் கிடந்த குரல்களுக்கு விளக்கேற்றியவரும் அவரே. பிறர் பாட்டில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ள இசைந்தவரும் அவரே. வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே எழுதி வைத்திருக்கிறது. அதுவே நேர்மை.

ஆனால் விதைத்தது வேறு நிலத்தில் முளைத்தது. இங்கிலாந்தில் பி.பி.சி. அந்நாளில் இவ்விசைக்கு அளித்த நேரம் சொற்பம். எனவே அங்குள்ள இளைஞர்கள் இரவில் 208 மீட்டரில் லக்சம்பர்க் வானொலியைத் தேடிப் பிடித்தார்கள். அவ்வாறு கேட்டு வளர்ந்த பிள்ளைகளே பின்னர் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் குழுவினராயினர். ரோலிங் ஸ்டோன்ஸ் 1963-இல் வெளியிட்ட முதல் தட்டே சக் பெர்ரியின் பாட்டுத்தான். 1964-இல் அவர்கள் அமெரிக்காவுக்குச் சென்று பாடியபோது, அமெரிக்க இளைஞர் பலர் தம் நாட்டுக் கலைஞர்களின் படைப்பைக் கடல் கடந்து வந்த புதுச்சரக்கு என்றே எண்ணினார்கள்!

இந்த மறதியைப் போக்கத்தான் பாராட்டு நிகழ்ச்சிகள் எழுந்தன. 1969-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கே.எச்.ஜே. நிலையம் ‘ராக் அண்ட் ரோலின் வரலாறு’ என்று 48 மணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து ஒலிபரப்பியது. அதே ஆண்டில் அருகிலிருந்த பாசடேனாவில், ஜான் கில்லிலந்து என்பவர் ‘பாப் குரோனிக்கிள்ஸ்’ என்ற தொடரைத் தொடங்கினார். இசைக் கலைஞர்களை நேரிற் பேட்டி கண்டு, அவர்கள் வாய்மொழியாகவே வரலாற்றைச் சொல்லச் செய்தார். அந்த ஒலிநாடாக்கள் வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1972-இல் இலண்டன் வானொலியில் சார்லி கில்லட் ‘ஹாங்கி டாங்க்’ என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தார். இந்த இசை எந்தெந்த நகரத்தில் எவ்வாறு தோன்றியது என்று ஆராய்ந்து 1970-இல் நூல் வெளியிட்டவர் அவர். பாட்டைப் போடுவதோடு நில்லாமல், அதன் ஊரையும் ஆட்களையும் கேட்போர்க்கு எடுத்துரைத்தார்.

1976 மே மாதம் இலண்டனில் ஒரு வியப்பான ஊர்வலம் நடந்தது. பழைய பாணியில் நீண்ட கோட்டு அணிந்து, தலைமயிரைச் சுருட்டி வாரிய ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பி.பி.சி. மாளிகைக்கு நடந்து சென்றார்கள். கூலி உயர்வு கேட்டோ ஆட்சி மாற்றம் கேட்டோ அவர்கள் போகவில்லை. ‘எங்கள் பழைய பாட்டுகளுக்கு வானொலியில் நேரம் ஒதுக்குங்கள்’ என்று கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனார்கள். அதன் பயனாகப் பி.பி.சி.யின் முதல் அலைவரிசையில், ஸ்டூவர்ட் கோல்மன் பங்குகொண்ட ராக் அண்ட் ரோல் நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. கேட்போர் வாய் திறந்து கேட்டால்தான் வானொலி செவி சாய்க்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்நூற்றாண்டில் பாப் டிலன் 2006 முதல் 2009 வரை, வாரத்துக்கு ஒரு பொருளாக, நூறு நிகழ்ச்சிகளை நடத்தினார். வானிலை, தாய், மது, பந்தாட்டம் என்று ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு அதையொட்டிய பழம்பாட்டுகளை இசைத்தார். இலக்கியத்துக்கான நோபல் பரிசை 2016-இல் பெற்ற அவர், இந்நிகழ்ச்சிகளில் பிறர் பாட்டைப் போற்றும் அறிவிப்பாளராகவே அமர்ந்தார். பாடியவர் எந்த ஊர், எந்த ஆண்டு, யாரோடு பாடினார் என்று அவர் கூறிய குறிப்புகள் அந்நிகழ்ச்சியின் உயிர். நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து நிக் ஸ்பிட்சர் என்னும் பேராசிரியர் 1998 முதல் நடத்திவரும் ‘அமெரிக்கன் ரூட்ஸ்’ நிகழ்ச்சியும் அத்தகையதே.

நல்ல பாராட்டு நிகழ்ச்சியையும் வெறும் பழம்பாட்டு நிகழ்ச்சியையும் பிரிக்கும் கோடு இதுவே. பின்னது கேட்பவரின் இளமை நினைவைத் தட்டி எழுப்பி இனிமை ஊட்டும், அதோடு முடிந்துவிடும். முன்னதோ, ‘இந்தப் பாட்டை முதலில் பாடியவர் இன்னார், எழுதியவர் இன்னார், பியானோ வாசித்தவர் இன்னார்’ என்று பெயர் சொல்லும். சக் பெர்ரியின் பல பாடல்களுக்குப் பியானோ வாசித்த ஜானி ஜான்சன், அப்பாடல்களில் தமக்கும் பங்குண்டு என்று 2000-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். காலம் கடந்துவிட்டது என்று 2002-இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. நீதிமன்றத்துக்குக் காலக்கெடு உண்டு. ஒரு நல்ல அறிவிப்பாளருக்கு அது இல்லை. எத்தனை ஆண்டுகள் கழித்தும் அவர் அந்தப் பெயரைச் சொல்லலாம்.

பெயர் சொல்வதோடு கடன் தீர்ந்துவிடுமா? தீராது. 1961-இல் ரோம் நகரில் உருவான சர்வதேச உடன்படிக்கை, வானொலியில் தட்டு ஒலிக்கும்போது பாடியவர்க்கும் நியாயமான ஊதியம் சேரவேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. 2018-இல் அந்நாடு இயற்றிய இசைச் சட்டம், 1972-க்கு முந்திய ஒலிப்பதிவுகள் இணையம், செயற்கைக்கோள் வழியாக ஒலிபரப்பாகும்போது அக்கலைஞர்களுக்கோ அவர்தம் வாரிசுகளுக்கோ பணம் கிடைக்க வழி செய்தது. அதற்குள் முன்னோடிகளிற் பலர் மறைந்துவிட்டனர்; பெர்ரியும் டாமினோவும் 2017-இல் காலமாகியிருந்தனர். வழக்கமான வானொலி நிலையங்கள் பாடியவர்க்குப் பணம் தரவேண்டும் என்று அச்சட்டமும் விதிக்கவில்லை. வானொலியால் புகழ் வருகிறது, அதுவே ஊதியம் என்பது நிலையத்தார் வாதம். அதில் சிறிது உண்மையும் உண்டு. எனினும், புகழை அடுப்பில் வைத்துச் சமைக்க முடியாது என்று கிரடப்பின் குடும்பம் மறுமொழி கூறியிருக்கும்.

அன்பர்களே! நம் நாட்டின் அனுபவமும் இதற்கு மிகத் தொலைவில் இல்லை. 1952-ஐ ஒட்டி அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்கு இடத்தைச் சுருக்கியபோது, நாட்டு மக்கள் சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடிச் சென்றார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கும்வரை அதுவே பலருக்குப் புகலிடம். மேற்கத்திய இளைஞர் பாட்டுகளை இந்தியருக்கு எடுத்து வந்ததிலும் இலங்கை வானொலியின் ஆங்கில நிகழ்ச்சிகளுக்குப் பங்குண்டு. இங்கிலாந்து இளைஞர்க்கு லக்சம்பர்க் எப்படியோ, நமக்குக் கொழும்பு அப்படி.

பெயரைப் பற்றிய கதையும் நம்மிடம் உண்டு. 1949-இல் வெளிவந்த ‘மகல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு, இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சிடப்பட்டது ‘காமினி’ என்பது. அது கதாபாத்திரத்தின் பெயர்! “பாடியவர் யார்?” என்று கேட்டு ரசிகர்கள் வானொலிக்குக் கடிதம் எழுதினார்கள். அதன் பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வானொலியில் அறிவிக்கப்பட்டது. பின்னாளில் நம் அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்லும் நல்ல மரபு வேரூன்றியது. அதைச் சடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கலைஞனுக்குச் செலுத்தும் முதற் கூலி அது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கைப் பிறருக்கு எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது 2012-இல்.

1977-இல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய வாயேஜர் கலங்களில் பொன் முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. மனித குலத்தின் இசை எத்தகையது என்று அண்டத்துக்கு அறிவிக்கத் தொகுக்கப்பட்ட அத்தட்டில், சக் பெர்ரி 1958-இல் வெளியிட்ட பாட்டு ஒன்று இடம்பெற்றிருக்கிறது. அதே தட்டில் நம் நாட்டு இந்துஸ்தானி இசைமேதை கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. தெருவில் தனிக் குழாயில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்த ஓர் இனத்தின் குரலும், நம் பெண்மணி ஒருவரின் குரலும் அருகருகே சூரிய மண்டலத்தைக் கடந்து சென்றுகொண்டிருக்கின்றன.

இன்று பாட்டுக் கேட்பது மிக எளிது. கைப்பேசியைத் தொட்டால் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டு ஓடுகிறது. அறிவிப்பாளர் இல்லை, பெயரும் காதில் விழுவதில்லை. ஆகையால் அறிவிப்பாளரின் கடமை நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் ஒரு பாட்டை ரசிக்கும்போது, “இதைப் பாடியவர் யார்? எழுதியவர் யார்? முதலில் பாடியவர் யார்?” என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் அவர்களோடு அமர்ந்து தேடுங்கள். நம் காலனியிலும் தாலாட்டும் கும்மியும் கோலாட்டப் பாட்டும் அறிந்த மூதாட்டியர் இருக்கிறார்கள். அவர்கள் பாடக் கேட்டுப் பதிவு செய்யும்போது, பாடியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் முதலில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இந்தச் சங்கம் அந்தப் பதிவுகளைத் தொகுத்து வைக்குமானால், நம் பேரப்பிள்ளைகள் ‘யாரோ பாடியது’ என்று சொல்லும் நிலை வராது.

பாட்டைக் கேட்டு இன்புற்றவர் எல்லாரும் அதைப் பாடியவருக்குக் கடனாளிகளே. பணத்தைச் சட்டம் தீர்த்து வைக்கட்டும். பெயரை நாம் சொல்லித் தீர்ப்போம்.